பல்கலைக்கழகம் போகும் பிள்ளையைத் தயார்படுத்துவது: கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதங்களும் போன பிறகு முதல் சில வாரங்களும்

அட்மிஷன் உறுதியான கையோடு பெரும்பாலான வீடுகளில் தொடங்குவது ஷாப்பிங். பெட்டி, போர்வை, புது லேப்டாப், மேசை விளக்கு. இவற்றில் பாதியைப் போய்ச் சேர்ந்த பிறகும் வாங்கிக்கொள்ளலாம். காலையில் தானாக எழுவது, காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையை எவ்வளவு இடைவெளியில் போடுவது, முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து காரியத்தை முடிப்பது, இவையெல்லாம் அப்படி அல்ல. இவற்றைப் பழக வீட்டில் இருக்கும் இந்தச் சில மாதங்கள்தான் வசதி. இப்போது தவறினால் ஒரு திட்டோடு போய்விடும். அங்கே தவறினால் ஒரு பாடமோ ஒரு மாதப் பணமோ போகும்.

எனவே இந்தக் கட்டுரை என்ன வாங்குவது என்பதைப் பற்றியது இல்லை. இதுவரை நீங்கள் பார்த்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கையில் ஒப்படைப்பது எப்படி என்பதைப் பற்றியது.

மூன்று மாதங்களுக்கு முன்: வேலைப் பட்டியல்

ஒரு வாரம் கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, பிள்ளைக்காக நீங்கள் செய்யும் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். எழுப்புவது, துணி துவைப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, விண்ணப்பம் நிரப்புவது, மொபைலுக்குப் பணம் கட்டுவது. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது ஞாபகப்படுத்துவது. "நாளைக்குக் கடைசித் தேதி, மறந்துடாதே" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வது நமக்கு வேலையாகவே தெரிவதில்லை. ஆனால் பிள்ளை வெளியூர் போனதும் முதலில் காணாமல் போவது அதுதான்.

பட்டியல் தயாரானதும் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கைமாற்றுங்கள். முதல் தடவை சேர்ந்து செய்யுங்கள். இரண்டாம் தடவை பிள்ளை செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். மூன்றாம் தடவை நீங்கள் அங்கே இருக்கவே வேண்டாம், முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

தூக்கத்திலிருந்து எழுப்புவதை முதலில் நிறுத்துங்கள். அலாரம் அடித்தும் எழவில்லையா, தாமதமாகட்டும். போக வேண்டிய இடத்துக்குத் தாமதமாகவே போகட்டும். இது பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் கஷ்டம். அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்போது கால் தானாக அந்த அறைப் பக்கம் நடக்கும். போகாதீர்கள்.

அடுத்தது போன் பேசுவது. நாள் முழுக்க மெசேஜ் அனுப்பும் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாதவரிடம் போனில் பேசுவதென்றால் வியர்த்துவிடுகிறது. கட்டணம் தவறாகப் பிடித்தது, சான்றிதழ் வர வேண்டியது என்று வீட்டில் வரும் நிஜமான வேலை ஒன்றைக் கொடுங்கள். அழைப்பதற்கு முன் மூன்று வரி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: நான் யார், என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும். பேசி முடித்ததும் பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழக அலுவலகங்களில் "யார் சொன்னாங்க?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்களின் வேலை சீக்கிரம் நடக்கும்.

சமையலுக்கு அதிகம் வேண்டாம். பசியாறும்படி நாலு எளிய உணவு செய்யத் தெரிந்தால் போதும். ஒரு விஷயம் மட்டும் மனதில் பதியட்டும்: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. துணி துவைப்பதில் வெள்ளையைத் தனியே பிரிப்பது, லேபிளைப் படிப்பது, இந்த இரண்டும் தெரிந்தால் மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காகிதங்களும் கணக்குகளும்

அட்மிஷன் கடிதம், மதிப்பெண் சான்றிதழ்கள், அடையாள அட்டை, தடுப்பூசி விவரம், காப்பீட்டு அட்டை, சில பாஸ்போர்ட் அளவுப் படங்கள். அசல் ஒரு கோப்பில், நகல் இன்னொன்றில், ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆன்லைனில். கோப்பை நீங்கள் அடுக்கித் தராதீர்கள். பிள்ளையே அடுக்கினால்தான் எது எங்கே என்று தெரியும்.

எல்லாக் காகிதத்திலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் விரிந்து பின்னால் என்று இருந்தால் பல்கலைக்கழகம், வங்கி, உதவித்தொகை என எல்லா இடத்திலும் இழுத்தடிக்கும். திருத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே இதை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

பல்கலைக்கழகம் தரும் மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். கட்டணம், தேர்வு, வகுப்பு மாற்றம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் வரும். "நான் பார்க்கலை" என்பதை அங்கே காரணமாக ஏற்க மாட்டார்கள். பாஸ்வேர்டோடு ஓடிபியையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடும்போது, ஓடிபி கிடைக்காத நேரத்தில் நுழைய மாற்றுக் குறியீடுகள் என்று சில எண்களைத் தருவார்கள். அவற்றை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். மொபைல் தொலைந்தால் ஓடிபியும் சேர்ந்தே தொலையும் என்பது அந்த நேரத்தில்தான் பலருக்கு உறைக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சங்கதி. பள்ளியில் மதிப்பெண்ணை உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பல நாடுகளில் பல்கலைக்கழகம் அப்படிச் சொல்லாது. உதாரணத்துக்கு, அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஒரு சட்டப்படி, உயர்கல்வியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. கட்டணம் கட்டுபவர் நீங்கள்தான் என்றாலும் விவரம் கேட்டால் மாணவரின் சம்மதம் எங்கே என்று கேட்கலாம். சேரும் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்டு, எதை உங்களிடம் சொல்வது என்று பிள்ளையோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: ஒரு மாதம் வீட்டிலேயே ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தைய மாதம், அங்கே மாதச் செலவுக்கு எவ்வளவு தருவதாக இருக்கிறீர்களோ அதற்கு ஏற்ற ஒரு தொகையை மாத முதல் தேதியில் பிள்ளையின் கணக்கில் போட்டுவிடுங்கள். போக்குவரத்து, மொபைல், வெளியே சாப்பிடுவது, சோப்பு, நண்பருக்குப் பரிசு எல்லாம் அதிலிருந்துதான். இருபதாம் தேதி காலியாகி வந்து நின்றால் நிரப்பாதீர்கள். எங்கே போனது என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பெரிய செலவு ஒன்று இருக்காது, சின்னச் சின்னதாக நிறைய இருக்கும். மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களில் குறைந்தது இரண்டு கண்ணில் படும்.

கணக்கு எழுதச் சொல்லிப் பெரிய அட்டவணை எதுவும் தர வேண்டாம், யாரும் மூன்று நாளுக்கு மேல் எழுதுவதில்லை. மாதம் தொடங்கியதும் வாடகை, பயணம் போன்ற நிலையான செலவை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வாரங்களால் வகுத்து, "இந்த வாரத்துக்கு இவ்வளவு" என்ற ஒரே எண்ணை மனதில் வைத்தால் போதும். முதல் மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள். பக்கெட், பூட்டு, பிரதி எடுக்கும் செலவு என்று யாரும் எதிர்பார்க்காதவை அப்போதுதான் வரும்.

கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் நாளில் பிள்ளையும் ஆவணத்தைப் படிக்கட்டும். வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடும், படிக்கும்போதே ஓடுமா, திருப்பிக் கட்டுவது எப்போது தொடங்கும், ஜாமீன் யார். அடைக்கப்போகிறவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

மோசடிகளில் இரண்டை விளக்கமாகச் சொல்லிவையுங்கள். ஒன்று, நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் கேட்பது. படம் அழகாக இருக்கும், வாடகை மலிவாக இருக்கும், "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இன்னைக்கே அனுப்புங்க" என்று அவசரப்படுத்துவார்கள். மற்றொன்றைப் பல பெற்றோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். "உன் வங்கிக் கணக்குக்குக் கொஞ்சம் பணம் வரும், அதை நான் சொல்கிற இடத்துக்கு அனுப்பு, உனக்குக் கமிஷன்" என்று யாராவது கேட்பது. சுலபமான பகுதிநேர வேலை போலத் தெரியும். உண்மையில் அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல்தான் முதலில் வழக்கு வரும். கல்லூரி வயதுப் பிள்ளைகளைக் குறிவைத்தே இப்படிக் கேட்கிறார்கள். கணக்கையும் கார்டையும் பின் நம்பரையும் நெருங்கிய நண்பருக்குக்கூடக் கடன் கொடுக்கக் கூடாது.

உடம்பும் மனசும்

கிளம்புவதற்கு முன் பல், கண், பொதுப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் அதன் மூலப்பெயரையும் அளவையும் எழுதிக் கொடுங்கள். கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மூலப்பெயர் பெரும்பாலும் மாறாது. ஒவ்வாமை இருந்தால் அறையில் உடன் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாராசிட்டமால் பற்றித் தனியாகச் சொல்லித் தாருங்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு, 650 என்றால் ஆறு. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். சளிக்கும் ஜுரத்துக்கும் கடையில் கிடைக்கும் பல கலவை மருந்துகளுக்குள்ளும் இதே பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தெரியாமலே அளவு கூடி, கல்லீரலைப் பாதிக்கும். அட்டையின் பின்புறத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

நெருக்கமாகச் சேர்ந்து வசிக்கும் மாணவர்களிடையே மூளையுறைக் காய்ச்சல் பரவும் ஆபத்து கொஞ்சம் அதிகம். சில நாடுகளில் மாணவர்களுக்கு அதற்கான தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாங்க முடியாத தலைவலி வந்து, வெளிச்சத்தைப் பார்க்கவே கண் கூசினால், "தூங்கினா சரியாயிடும்" என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடன் இருப்பவருக்கு வந்தாலும் அப்படித்தான்.

தூக்கம். 18 முதல் 25 வயதுவரை 7 முதல் 9 மணி நேரம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். விடுதியில் இந்த அறிவுரை எடுபடாது. ஆகவே நான் சொல்வது இன்னும் சின்ன விஷயம்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாமல் இருக்கட்டும்.

மனசைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005-இல் வெளியானது. வாழ்நாளில் வரும் மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ முக்கால்வாசி 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று அது கண்டது. பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருக்கும் வயதும் அதுதான். வளாகத்தில் ஆலோசகர் எங்கே இருக்கிறார், நேரம் வாங்குவது எப்படி என்பதை நன்றாக இருக்கும்போதே பார்த்து மொபைலில் சேமித்து வைக்கட்டும். உடைந்துபோன நாளில் தேட முடியாது.

ராகிங், வற்புறுத்திக் குடிக்க வைப்பது, சம்மதமில்லாமல் தொடுவது இவை எதையும் "அங்கே அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும், உன்னைத் திட்டுவேன் என்று பயந்து என்னிடம் மறைக்காதே என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

படிப்பு: வகுப்பு குறையும், வேலை கூடும்

பள்ளியில் காலை முதல் மாலைவரை வகுப்பு. பல்கலைக்கழகத்தில் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ மணி நேரம்தான் இருக்கலாம். கால அட்டவணையைப் பார்த்ததும் விடுமுறை மாதிரி தோன்றும். ஐரோப்பாவில் பல நாடுகள் பின்பற்றும் கிரெடிட் முறையைப் பார்த்தால் கணக்கு புரியும். அதில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். அதாவது ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். 5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 125 மணி நேரமாவது வேண்டும். வகுப்பு அதில் ஒரு பகுதிதான், மிச்சம் நூலகத்திலும் அறையிலும் தானே உட்கார்ந்து செய்வது. வேறு நாடுகளில் எண்கள் மாறும், தனியே படிக்க வேண்டும் என்பது மாறாது.

அதனால் முதல் வாரத்திலேயே ஒரு வேலை. எல்லாப் பாடங்களின் பாடத்திட்டத் தாள்களையும் விரித்து வைத்து, அசைன்மென்ட், தேர்வு, செய்முறை எல்லாத் தேதிகளையும் ஒரே காலண்டரில் ஏற்ற வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணமாக இருக்கும். ஒன்றாகப் போட்டால்தான் ஒரே வாரத்தில் மூன்று சேர்ந்து நிற்பது தெரியும். பாடத்தை மாற்றவும் விடவும் கடைசி நாள் எது என்பதையும் சிவப்பில் குறிக்கட்டும். தவறான பாடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தத் தேதி பெரிய உதவி.

எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்து, கோடு போட்டு, வண்ணம் அடிப்பது படித்த திருப்தியைத் தரும், அவ்வளவுதான். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு ஒரு பகுதியை மறுபடி வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் நினைவில் இருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா! வகுப்பு முடிந்த அன்று மாலை, நோட்டை மூடிவைத்து வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பதை வீட்டில் இருக்கும்போதே, எந்தப் புத்தகத்தை வைத்தாவது பழகட்டும்.

பேராசிரியரைப் பார்க்கப் போவதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் நேரம் ஒதுக்கியிருந்தால் அது உண்மையிலேயே மாணவர்களுக்கான நேரம்தான். "எதுவுமே புரியலை" என்று போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. "இதுவரை புரிந்தது, இந்த வரியில் சிக்கிக்கொண்டேன்" என்று நோட்டைத் திறந்து காட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். மின்னஞ்சல் எழுதுவதாக இருந்தால் தலைப்பில் பாடத்தின் பெயர், முதல் வரியில் தன் பெயரும் பதிவு எண்ணும், அப்புறம் கேள்வி. இதையும் ஒரு தடவை உங்களுக்கு எழுதிக் காட்டச் சொல்லலாம்.

இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிக் கொடுப்பதும் பள்ளியில் திட்டோடு முடிந்திருக்கலாம். இங்கே பாடத்தில் தோல்வி, நீக்கம்வரை போகும். எந்த அளவுக்கு அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறுவதால், ஒவ்வோர் ஆசிரியரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

அறையைப் பகிர்வது

இதுவரை தனியறையில் இருந்த பிள்ளைக்கு இது பாடத்தைவிடக் கடினம். சண்டை வந்த பிறகு பேசினால் எல்லாம் குற்றச்சாட்டாகத் தொனிக்கும். முதல் வாரத்தில், இருவரும் நல்ல பிள்ளைகளாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். விளக்கை எப்போது அணைப்பது, வெளியாட்கள் வரலாமா, எதையெல்லாம் கேட்காமல் எடுக்கலாம், குப்பையை யார் எப்போது கொட்டுவது. "எனக்கு வெளிச்சம் இருந்தா தூக்கம் வராது, உனக்கு எப்படி?" என்று தன் பக்கத்திலிருந்து தொடங்கினால் பேச்சு சுலபம். பாதியிலேயே இரு வீட்டுப் பெற்றோரும் போனில் பேசித் தீர்த்துவைக்கக் கிளம்பாதீர்கள், பிள்ளைகள் அறையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாமல் போகும்.

உடன் இருப்பவர் உயிர் நண்பராக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிம்மதியாகத் தூங்க விட்டால் போதும்.

கொண்டுபோய் விடும் நாள், அதற்கப்புறம் ஆறு வாரம்

முடிந்தால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். அறையிலிருந்து வகுப்புக்கும் நூலகத்துக்கும் மருந்தகத்துக்கும் பிள்ளை முன்னால் நடக்க, நீங்கள் பின்னால் போங்கள். கட்டிலை விரித்து அலமாரியை அடுக்கித் தர ஆசை வரும். ஒரு போர்வையோடு நிறுத்திக்கொண்டு, மாலைக்கு முன் கிளம்பிவிடுங்கள். பக்கத்து அறைப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்குவது பெற்றோர் போன பிறகுதான்.

எப்போதெல்லாம் பேசுவது என்று கிளம்பும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நிதானமாகப் பேசுவது, இடையில் ஒரு மெசேஜ் என்பது பல வீடுகளுக்கு ஒத்துவரும். மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பீர்கள், அப்புறம் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற கேள்விகளுக்கு "ம்" என்ற பதில்தான் வரும். "பக்கத்தில் உட்காருகிறவர் யாரு? இந்த வாரம் எந்த வகுப்பு அறுவை?" என்று கேட்டால் பேச்சு நீளும்.

இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ ஒரு ராத்திரி அழுகையோடு போன் வரலாம். "இங்கே பிடிக்கலை, வந்து கூட்டிட்டுப் போங்க." வீட்டு நினைப்பு முதல் சில வாரங்களில் உச்சத்தில் இருந்துவிட்டுப் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நேரத்தில் வண்டியை எடுக்கவும் வேண்டாம், "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். முழுதும் கேட்டுவிட்டு, "நான் ஏதாவது செய்யணுமா, இல்லை கேட்டுக்கிட்டா போதுமா?" என்று கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் கேட்டுக்கொண்டாலே போதும் என்றுதான் பதில் இருக்கும். மறுநாள் காலை பிள்ளை சிரித்துக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கும், நீங்கள்தான் தூங்காமல் இருந்திருப்பீர்கள். வார இறுதிதோறும் வீட்டுக்கு ஓடி வருவதை மட்டும் முதல் ஒன்றரை மாதம் தவிர்க்கப் பாருங்கள். நட்புகள் உருவாவதே அந்த வார இறுதிகளில்தான். ஒரு விளையாட்டு, ஒரு மன்றம், ஏதாவது ஒன்றில் சேர்ந்தால் போதும்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் வகுப்புக்கே போகாமல் இருப்பது, சாப்பாடும் தூக்கமும் அடியோடு மாறுவது, யாரோடும் பேசாமல் முடங்குவது, பணம் காரணமின்றி மறைவது. சாவைப் பற்றி, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே கிளம்பிப் போங்கள். வளாக ஆலோசகருக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் வழியிலேயே போன் செய்யுங்கள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதுதான் பாதுகாப்பு.

முதல் பருவ மதிப்பெண் பள்ளி மதிப்பெண்ணைவிடக் குறைந்து வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தங்கள் பள்ளிகளில் முதலிடம் பிடித்தவர்கள் பலர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட, எந்தத் தாளில் எந்தக் கேள்வியில் போனது என்பதைப் பிள்ளையே ஆசிரியரிடம் கேட்டு வந்து சொல்லட்டும். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு எத்தனை பாடம் எடுப்பது, பகுதிநேர வேலை இருந்தால் அதைத் தொடரலாமா என்பதைப் பதிவுக் கடைசித் தேதிக்கு முன் சேர்ந்து பேசுங்கள். முடிவை மட்டும் பிள்ளை எடுக்கட்டும்.